மார்லிஸ் அறைந்த ஆணிகள்

உங்கள் காலடியில் இருக்கும் தளத்தை எது தாங்குகிறது என்று என்றாவது அடியில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மேலே இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பூச்சு தெரியும், பூந்தொட்டி தெரியும், சாய்வு நாற்காலி தெரியும். அடியில் போய் அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மார்லிஸ் டாலஃப்சன் என்கிற ஐம்பத்தேழு வயதுப் பெண் பார்த்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெல் ராப்பிட்ஸ் என்கிற காகித ஆலை ஊரில், ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலைப் பள்ளிப் பேருந்து ஓட்டத்தை முடித்து வந்த கையோடு, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் வீட்டின் பின்சுவரில் ஏணியைச் சாய்த்து ஏறினார். கடைசிப் பனி உருகி, கொல்லை முழுக்கச் சேறு. தலைக்கு மேலே மாடி வீட்டின் மரத்தளம். அதன் ஒரு பக்கம் மூன்று தூண்களில் நிற்கிறது. மறுபக்கம் வீட்டுச் சுவரோடு அறைந்த ஒரு நீளப் பலகையில் தொங்குகிறது. அந்தச் சுவர்ப்பலகையில் திருப்புளியை வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். கேக்கில் கத்தி இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது. இரண்டடி தள்ளி அழுத்தினார். அங்கேயும் அப்படித்தான். மூன்றாவது இடத்தில் திருப்புளியை இழுத்தபோது ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து மணிக்கட்டில் இறங்கியது.

ஏணியில் நின்றபடியே, மேலே நிற்கப்போகிறவர்களை எண்ணினார். முந்தின நாள்தான் மாடியில் வாடகைக்கு இருக்கும் பாவ் ஷியோங் என்ற பெண் படியிறங்கி வந்து, மகள் கவ்நூ பள்ளிப் படிப்பை முடிக்கிறாள், ஜூன் இரண்டாவது சனிக்கிழமை விருந்து வைக்கிறோம், எழுபது பேர் வருவார்கள், கொல்லையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக என்று சொல்லி, உருளைக்கிழங்கு சாலட் தன் பொறுப்பு என்றும் வாக்குக் கொடுத்திருந்தார் மார்லிஸ். எழுபது பேரில் நாற்பது பேராவது இந்தத் தளத்தின் மேல்தான் நிற்பார்கள். பாவ் குடும்பம் லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் இனம்; அவர்கள் வீட்டு விருந்தில் சமையல் மேலே, சாப்பாடு மேலே, ஆட்டமும் மேலேதான். மீதி முப்பது பேர் அடியில் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

மார்லிஸுக்கு இந்தச் சோதிக்கிற புத்தி திடீரென்று வந்ததில்லை. அவர் பால்பண்ணையில் பிறந்தவர். ஒன்பது வயதில், மாட்டுக்கொட்டகையின் வைக்கோல் பரண் ஒரு நாள் மதியம் சரிந்தது. மேலே நின்ற சித்தப்பாவுக்கு இடது கால் போயிற்று. ஊர்ப் போதகர் வந்து, கடவுள் ஏதோ நினைத்துத்தான் செய்திருப்பார் என்றார். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மார்லிஸ் அந்த நேரத்தில் கொட்டகைக்குள் புகுந்து விழுந்த உத்தரத்தைப் பார்த்துவிட்டு வந்து, அது உளுத்துப்போயிருக்கிறது, விரலால் தோண்டினால் மாவு கொட்டுகிறது என்று சபையில் சொன்னார். கையில் கொஞ்சம் மாவையும் கொண்டுவந்திருந்தார். அம்மா கன்னத்தில் ஒன்று வைத்தார். கடவுளை நம்புவதா கூடாதா என்று அதற்குப் பிறகு மார்லிஸ் யாரோடும் வாதாடியதில்லை. உத்தரத்தைப் பற்றி மட்டும் வாதாடினார்.

மாடுகளை விற்றார்கள். மார்லிஸ் காகித ஆலையில் தாள் பிரிக்கும் கூடத்தில் பதினான்கு வருடம் நின்றார். டேல் என்பவரை மணந்தார். எட்டு வருடத்தில் பிரிந்தார்கள். அவர் வேட்டை நாயை எடுத்துக்கொண்டார், இவர் ஏணியை எடுத்துக்கொண்டார். பாதி ஆலையை மூடிய வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். அந்த வேலை அவருக்கென்றே செய்தது போலிருந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மூக்குமுடி உறைகிற குளிரில், ஒவ்வொரு ஓட்டுநரும் வண்டியைச் சுற்றி வந்து விளக்கு, சக்கரம், பிரேக், படி, அவசரக் கதவு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காமல் கிளப்பினால் வேலை போய்விடும். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர், நேற்றுத்தானே நன்றாக ஓடியது என்று முணுமுணுத்தபோது மார்லிஸ் சொன்ன பதிலை அந்தப் பணிமனையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நேத்து நீயும்தான் உயிரோட இருந்த. அதுக்காக இன்னைக்கு மூச்சு விடாம இருப்பியா?"

இதெல்லாம் சரி. ஏணியில் நின்ற மார்லிஸை உறுத்தியது உளுத்த பலகை மட்டுமில்லை. அதை அங்கே அறைந்ததே அவர்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு ஆலையில் உடன் வேலை பார்த்த நார்பர்ட் ப்ரோஹாஸ்கா, ஊருக்கெல்லாம் நார்ப், மேலும் கீழுமாக இரண்டு குடியிருப்பு உள்ள இந்த வீட்டை வாங்கினார். வாடகைக்கு விட மாடிக்கு ஒரு தளமும் படியும் வேண்டியிருந்தது. அந்த ஊரில் இதற்கு ஆள் வைப்பதில்லை. நண்பர்களைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் பீரும், சுட்டுத் தின்ன பிராட்வர்ஸ்ட் என்கிற தொத்திறைச்சியும் வாங்கி வைப்பார். ஆறு பேர் சனிக்கிழமை காலை சுத்தியலோடு வருவார்கள். ஞாயிறு மாலை தளம் நிற்கும். யாரும் யாருக்கும் கூலி கொடுப்பதில்லை. உன் வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு நீ. அழகான வழக்கம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு: நண்பன் செய்த வேலையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவமானம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மரவேலை தெரிந்த லைல் மட்டும், சுவர்ப்பலகைக்குப் போல்ட் வேண்டும், அதன் தலையில் தண்ணீர் இறங்காமல் தகடு மடித்து வைக்க வேண்டும் என்றார். கடை மூடியிருந்தது. இரண்டு மணிக்குக் கால்பந்து ஆட்டம் வேறு. "ஆணியையே அடிச்சு விடு" என்றார் நார்ப். ஆணி பாரத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கூட்டம் அசைந்தாடும்போது தளம் சுவரிலிருந்து வெளியே இழுக்கும். இது அன்று மார்லிஸுக்குத் தெரியாது. முப்பத்தைந்து வயது, நல்ல தோள்வலு. கைப்பிடி கைப்பிடியாக ஆணி எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்றே அடியில் இறக்கினார். ஆண்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வெகுநாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு விவாகரத்தாகி வீடு தேடியபோது, நார்ப் கீழ்வீட்டை அவருக்கே வாடகைக்குக் கொடுத்தார். பத்தொன்பது வருடமாகத் தான் அறைந்த தளத்தின் அடியில்தான் மார்லிஸ் குடியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நார்ப் எங்கே இருப்பார் என்று ஊருக்கே தெரியும். மதுக்கடை மூலை மேசையில், பொரித்த மீனுக்கு முன்னால் இருந்தார். மார்லிஸ் எதிரே உட்கார்ந்து, திருப்புளியை உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்து, கண்டதைச் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷம் நின்னிருக்கு மார்லிஸ்."

"அதைத்தான் நானும் சொல்றேன். இருபத்திரண்டு வருஷமா நனைஞ்சிருக்கு."

"ஒனக்கு எல்லாத்துலயும் ஓட்டை போடணும். டேல் ஏன் ஓடிப்போனான்னு இப்பத்தான் புரியுது."

"டேல் ஓடிப்போகல, நான் தொரத்துனேன். நீ பேச்ச மாத்தாத. ஜூன்ல மேல நாப்பது பேர் நிப்பாங்க."

நார்ப் மீனைத் தின்று முடித்தார். பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்தும் கொண்டார். அடுத்த வாரமே ஒரு ஆள் வந்து தளம் முழுக்கச் சாம்பல் நிறப் பூச்சு அடித்துவிட்டுப் போனார். தயிர்போலக் கெட்டியான பூச்சு அது. விரிசலையெல்லாம் அடைத்து, மழமழவென்று புதிது போலாக்கிவிடும். உள்ளே ஊறிய ஈரமும் வெளியே போகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பது பழைய பேச்சு. இங்கே முழு மரத்தளத்தையே பூச்சில் மறைத்துவிட்டார்கள். கூடவே படிக்கட்டின் தலைமாட்டில் ஒரு அறிவிப்புப் பலகையும் தொங்கவிட்டார் நார்ப்: ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது.

மார்லிஸ் அந்தப் பலகையை இரண்டு முறை வாசித்தார். முன்பு மாடியில் இருந்த பையன்கள் கால்பந்து நாட்களில் முப்பது பேரை ஏற்றிக் குதித்தார்கள். நார்ப்பும் அவர்களோடு குதித்தார். அன்று இந்தப் பலகை எங்கே போயிருந்தது? ஷியோங் குடும்பம் குடிவந்த பிறகுதானே ஆளை எண்ணத் தோன்றியிருக்கிறது? தளம் விழுந்தால் நாளை என்ன சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பலகையில் எழுதியிருந்தோமே, இந்தக் கூட்டம் கேட்டால்தானே என்பார்கள். பலகை வைத்தவன் தப்பிப்பான். விழுந்தவன் குற்றவாளி ஆவான். ஏழையின் தலையில் கூரை விழுந்தால், அங்கே ஏன் தலையை வைத்தாய் என்று கேட்கிற நியாயம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

பாவ் அந்தப் பலகையைப் படித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஜன்னல் தொழிற்சாலையில் மாலை முறை வேலை பார்க்கும் நாற்பத்தாறு வயதுக்காரர்; கணவரை இழந்தவர். துணி உலர்த்தும் இடத்தில் மார்லிஸ் பேச்சை எடுத்தபோது, விருந்தைத் தம்பி வீட்டுக் கார் கொட்டகையில் வைத்துக்கொள்கிறோம் என்றார். "எங்களுக்கு மாசாமாசம் ஒப்பந்தம் அக்கா. இருபத்தெட்டு நாள் நோட்டீஸ் குடுத்தா போதும், நாங்க வெளிய. கவ்நூ ஸ்கூலு இங்கதான் இருக்கு. விட்டுருங்க."

மார்லிஸ் விடவில்லை. விருந்து இடம் மாறினாலும் தளம் அங்கேயேதான் தொங்கும். பாவ் தினமும் அதில்தான் துணிக்கூடையோடு ஏறி இறங்குவார். மறுநாள் நகராட்சிக்குப் போய் புகார்த் தாள் வாங்கினார். பெயர் எழுத விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம் என்றார் அங்கிருந்த எழுத்தர். மார்லிஸ் யோசித்தார். பெயரில்லாத புகார் யார் தலையில் விழும்? மாடி வீட்டார் தலையில்தான். தன் பெயரைப் பெரிதாக எழுதினார். அடியில் இன்னும் மூன்று வரி எழுதினார்: "அந்தச் சுவர்ப்பலகையை அறைந்தவள் நான். போல்ட் போடவில்லை. தகடு வைக்கவில்லை."

எழுத்தர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்க மேலயே நீங்க புகார் குடுக்கிறீங்களா?"

"முதல்ல என் மேல. அப்புறம் அவன் மேல."

பரிசோதகர் வந்த அன்று நார்ப்பும் வந்தார், சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு. பரிசோதகர் இளம்பெண். மேலே ஏறி நடந்தார், கைப்பிடியை ஆட்டினார், பளபளக்கும் சாம்பல் பூச்சைப் பார்த்து, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றார். விவரம் தெரிந்தவர்கள் கட்டியது என்றார் நார்ப். புகார்த் தாளின் கடைசி மூன்று வரியைப் பரிசோதகர் மறுபடி ஒருமுறை வாசித்தார். மார்லிஸ் ஏணியைக் காட்டி, திருப்புளியைக் கையில் கொடுத்தார். பரிசோதகர் அடியில் ஏறிக் குத்தினார். முட்டை ஓடு உடைவதுபோல் பூச்சு உடைந்தது. திருப்புளி போன வழியே பழுப்புத் தண்ணீர் வந்தது. அரை மணி நேரத்தில் படிக்கட்டில் சிவப்பு அட்டை ஏறியது: யாரும் ஏறக் கூடாது, முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும்.

நார்ப்பின் கழுத்து அந்த அட்டையின் நிறத்துக்கு வந்தது. "பத்தொம்பது வருஷமா ஒன்ன இங்க வச்சிருக்கேன். வெளிய போன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. இதான் நீ காட்டுற விசுவாசமா?"

"வாடகை குடுத்து இருக்கேன் நார்ப். நீ வச்சுக்கல."

"நோட்டீஸ் குடுப்பேன். ஒனக்கும், மேல இருக்கிறவங்களுக்கும்."

"குடு. புகார் குடுத்ததுக்காக வெளியேத்தக் கூடாதுன்னு இந்த மாநிலத்துச் சட்டம் சொல்லுது. நூலகத்துல போய்ப் படிச்சிட்டுத்தான் வந்தேன்."

நார்ப் வண்டிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். வென்றுவிட்டோம் என்று மார்லிஸ் நினைத்தார். மாடிப்படிக்குக் கீழே பாவ் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் நன்றி இல்லை.

"நீங்க செஞ்சது நல்லதுதான் அக்கா. ஆனா எங்களைக் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார். முன்வாசல் வழியாக உள்ளே போய்விட்டார்.

இந்த ஒரு வார்த்தை மார்லிஸை அடித்ததுபோல் நார்ப்பின் கத்தல் அடிக்கவில்லை. நான்கு நாள் அதையே மென்றுகொண்டிருந்தார். பேருந்தின் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்க்கும்போதும் அதே நினைப்பு. நியாயம் பேசுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க மறந்துபோவார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு லைல் சொன்னதைக் கேட்காமல் ஆணி அடித்தார். இப்போது பாவ் சொன்னதைக் கேட்காமல் தாள் கொடுத்தார். இரண்டு முறையும் தன் கைவலுவை நம்பினார். ஐந்தாம் நாள் முன்வாசல் வழியாக மாடியேறி, அடுக்களை மேசையில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டார். தப்பு என் பேரில், இனி நீ சொல்வதுதான், புகாரைத் திரும்ப வாங்கச் சொன்னால் வாங்கிவிடுகிறேன், வேறு வீட்டுக்குப் போவதென்றாலும் துணை நிற்கிறேன் என்றார்.

பாவ் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கவ்நூதான் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, அம்மா கோவத்துல இல்ல. நாலு நாளா என்ன செய்யலாம்னு கணக்குப் போட்டுட்டிருக்காங்க. கணக்குப் போட்டா அம்மா மூஞ்சி அப்படித்தான் இருக்கும்."

பாவ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நார்ப் நகராட்சிக்குப் போன் செய்து, தளத்தை இடித்துப்போட்டுவிட்டு மாடிக் கதவைப் பலகை அடித்து மூடிவிடுகிறேன் என்று கேட்டாராம். முடியாது என்றார்களாம், மாடியில் தீப்பிடித்தால் தப்பிக்கிற இரண்டாவது வழி அதுதான், எப்படியும் கட்டியே ஆகவேண்டும். பாவ் தானே போன் செய்து விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. என் இரண்டு தம்பிகளும் வீடு கட்டுகிறவர்கள், நார்ப் நல்ல மரமும் போல்ட்டும் வாங்கித் தரட்டும், வேலையை அவர்கள் செய்வார்கள், ஜூன் இரண்டாவது சனிக்கிழமைக்குள் முடியவேண்டும் என்றார். கூலி வேண்டாம், ஆனால் ஒரு வருட வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். சொல்லிவிட்டு அதையெல்லாம் தன் கைப்பட நார்ப்புக்கு ஒரு கடிதமாக எழுதினார். அடியில் பாவ் ஷியோங் என்று கையெழுத்திட்டு, தாளை மார்லிஸ் பக்கம் தள்ளினார். "இப்ப நீங்க போடுங்க. என் பேருக்குக் கீழ."

மார்லிஸ் அவர் பெயருக்குக் கீழே போட்டார்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை, நார்ப்பின் வண்டி கடப்பாரையோடு வந்து நின்றது. பக்கத்து இருக்கையில் லைல், எழுபத்தொரு வயது, முழங்கால் இரண்டும் ஓய்வில். பாவின் தம்பிகள் அளவெடுக்க ஏற்கெனவே வந்திருந்தார்கள். இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று நார்ப் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். முதலில் பிரித்துப் பார்க்கலாம், இந்தப் பெண்கள் சொல்கிற அளவுக்கு மோசமில்லை என்றார். மேல்பலகைகளைக் கழற்றினார்கள், குறுக்குச் சட்டங்களை இறக்கினார்கள். கடைசியில் சுவர்ப்பலகை மட்டும் மிஞ்சியது. நார்ப் கடப்பாரையை அதன் இடுக்கில் நுழைத்து, உடம்பின் எடையைக் கொடுக்கத் தயாரானார்.

எடை தேவைப்படவில்லை. நுழைத்ததுமே பலகை உரிந்து வந்து சேற்றில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பின்னால் இருந்த வீட்டின் உத்தரம், காய்ச்சி வடித்த தேயிலைச் சக்கைபோலக் கறுத்து ஊறியிருந்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. மார்லிஸ் அறைந்த ஆணிகள் சில பலகையோடு போயின. சில உத்தரத்திலேயே துருத்திக்கொண்டு நின்றன. நார்ப் ஒன்றை இரண்டு விரலால் பிடித்தார். இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது. இன்னொன்று. அதுவும் வந்தது.

கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஆணிகளை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச வேண்டும் என்று மார்லிஸின் வாய் துறுதுறுத்தது. பிரயாசைப்பட்டு அடக்கிக்கொண்டார்.

"போன ஜூலைல என் பேத்தி இது மேல இருந்துதான் வாணவேடிக்கை பாத்தா" என்றார் நார்ப். "நான்தான் தோள்ல தூக்கி வச்சிருந்தேன்."

லைல் கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நான் அன்னைக்கே போல்ட்டுன்னு சொன்னேன்."

"சொன்ன. யாராவது கேட்டோமா?"

"நீங்க ஆட்டம் பாக்கப் போனீங்க. அந்த ஆட்டத்துலயும் தோத்தானுங்க."

முதலில் சிரித்தது மார்லிஸ். நார்ப் சிரிக்கவில்லை, எழுந்து போய்ப் பாவின் முன்னால் நின்றார். ஒப்பந்தத் தாள் திங்கட்கிழமை வரும் என்றார். வீட்டு உத்தரமும் மாற்ற வேண்டும் போலிருக்கிறது, அதற்கும் மரம் வாங்குகிறேன் என்றார். பிறகு படிக்கட்டில் தொங்கிய ஆறு பேர் பலகையைப் பிடுங்கிக் குப்பைக் குவியலில் எறியப் போனார். பாவ் கை நீட்டினார். "அதை இங்க குடுங்க. பின்பக்கம் எழுதாம இருக்கு, எனக்கு வேணும்."

மூன்று வாரம் வேலை நடந்தது. அனுமதித் தாள் வாங்கி ஜன்னலில் ஒட்டினார்கள். உளுத்த உத்தரத்தை அறுத்தெடுத்துப் புதிது செருகினார்கள். புதுச் சுவர்ப்பலகையின் தலையில் தகடு மடித்து வைத்தார்கள். கடைசிப் போல்ட் வரைக்கும் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இறக்கினார்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் முறுக்கினால் இன்னொருவர் சோதிக்க வேண்டும் என்று மார்லிஸ் விதி வைத்தார். நார்ப் முறுக்கியதைப் பாவின் சின்னத் தம்பி சோதித்து, இன்னும் அரைச் சுற்று இருக்கிறது என்று சொன்னபோது நார்ப்பின் காது சிவந்தது. ஆனாலும் அரைச் சுற்று முறுக்கினார். கருவிகளைப் பெட்டியில் வைத்த பிறகுதான் பீர் என்பது இன்னொரு விதி. மதியம் நார்ப்பின் பிராட்வர்ஸ்ட்டும் பாவ் சுருட்டிப் பொரித்த எக் ரோலும் ஒரே தட்டில் வந்தன. மிளகாய்ச் சட்னியை ஏதோ கெட்ச்சப் என்று நினைத்து நார்ப் தாராளமாக ஊற்றிக்கொண்டார். அதன் பிறகு பத்து நிமிடம் அவர் அழுததற்கு வேறு காரணம் எதையும் யாரும் சொல்ல முடியாது.

விருந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிற்பகல் பரிசோதகர் வந்தார். அவர் கேட்குமுன் மார்லிஸ் திருப்புளியை நீட்டினார். குத்தினார்; நுனிகூட இறங்கவில்லை. கையெழுத்திட்டார்.

சனிக்கிழமை, தெருமுனையில் ஒரு பலகை நின்றது. முன்பக்கத்தில் கவ்நூவின் படிப்பு விருந்து, எல்லோரும் பின்பக்கம் வாங்க என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. எழுபது என்று சொன்ன இடத்தில் தொண்ணூறு பேர் வந்தார்கள். புது மரத்தின் பச்சை வாடை, இன்னும் பூச்சுக் காணாத மஞ்சள் நிறம். உறவுக்காரர்கள் வரிசையாகப் போய்க் கவ்நூவின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தினார்கள். பாவ் ஒரு நூலை எடுத்து மார்லிஸின் கையைப் பிடித்தார்.

"நான் இதையெல்லாம் நம்பமாட்டேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"நம்ப வேணாம் அக்கா. அவுக்காம இருந்தா போதும்."

மார்லிஸ் கையை நீட்டினார். நூல் யாரையும் விழாமல் காப்பாற்றாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டியவரின் கை எப்படிப்பட்டது என்று சோதித்துப் பார்த்திருந்தார்.

பாட்டு வைத்தார்கள். மேலே ஆட்டம் தொடங்கியதும் மார்லிஸைக் காணோம். தேடி வந்த நார்ப், தளத்தின் அடியில் அவர் நிற்பதைக் கண்டார். மேலே நாற்பது பேர் குதிக்கிறார்கள். இவர் சரியாகச் சுவர்ப்பலகைக்குக் கீழே, உள்ளங்கையை அதில் பதித்து நிற்கிறார்.

"இங்க என்ன பண்ற?"

"பாக்குறேன்."

நார்ப் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து உள்ளே வந்து, பக்கத்தில் நின்று, தானும் உள்ளங்கையைப் பதித்தார். பலகை லேசாக அதிர்ந்தது. அசையவில்லை. பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.

மார்லிஸ் இன்றும் பேருந்து ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருடப் பழைய மரத்தளங்கள் அந்த ஊரில் நிறைய. வார இறுதியில் யாராவது கூப்பிட்டால் ஏணியோடு போகிறார். கூப்பிடாத வீட்டுக்கு, முதலில் அங்கே குடியிருப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் இல்லாமல் இருக்கலாம். மாடிப்படி இருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இருக்கும். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு ஒரு கூரை இருக்கும். புதிதாக வெள்ளையடித்தும் இருப்பார்கள். இதை மூடி வைத்துவிட்டு ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு இன்றைக்கே அதன் அடியில் போய்ப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால், அதன் கீழே இருப்பவர்களிடம் முதலில் சொல்லுங்கள், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து புகாரை எழுதுங்கள். உங்கள் பெயரை மறைக்காமல் போடுங்கள்.